தரை மாறினால்தான் கால் ஆறும்

எத்தியோப்பியாவில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைநாட்டில் பெருமழை. அப்போது பிள்ளைகளுக்கு விடுமுறை. மழை ஓய்ந்து, சேறு காய்ந்து, வகுப்பறைத் தரையில் புழுதி கிளம்பும் மாதங்கள்தான் பெரும்பாலும் அங்கே பாடம் நடக்கும் மாதங்கள். மணல் தெள்ளு என்ற ஒட்டுண்ணி பெருகுவதும் அந்தக் காய்ந்த புழுதியில்தான். பள்ளிக்கூட மணி அடிக்கும் காலமும் பூச்சி பெருகும் காலமும் இப்படிச் சேர்ந்தே வருகின்றன. வெறுங்காலோடு மண் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, படிப்போடு சேர்த்து இந்தப் பூச்சியையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது.

தெற்கு எத்தியோப்பியாவின் சிடாமா பகுதி, காபியும் வாழையைப் போன்ற என்செட்டும் விளையும் பசுமையான மலைநாடு. அங்குள்ள வென்ஷோ வட்டாரத்தில் 5 முதல் 14 வயது வரையிலான 366 பிள்ளைகளின் கால்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அவர்களில் 58.7 சதவீதம் பேருக்கு மணல் தெள்ளு நோய் இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு மேல். ஒரு வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அமைச்சர்கள் ஓடி வந்திருப்பார்கள், பள்ளிகளை மூடியிருப்பார்கள், தலைநகரிலிருந்து மருத்துவக் குழு புறப்பட்டிருக்கும். பாதிப் பிள்ளைகளின் பாதத்தில் பூச்சி குடியிருக்கிறது என்ற செய்திக்கு அந்தப் பரபரப்பு எதுவும் இல்லை. காரணம் எளிது. இந்த நோய் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. ஊர் விட்டு ஊர் தாண்டி நகரத்துக்குப் போவதில்லை. சிமெண்ட் தரையில் வாழ்பவர்களைத் தொடுவதில்லை.

முதலில் பூச்சியைப் பார்க்க வேண்டும். நாயின் மயிருக்குள் ஓடும் தெள்ளுப்பூச்சியின் இனம்தான் இது. அந்த இனத்திலேயே மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட முழுதாக இருக்காது. மற்றத் தெள்ளுகள் கடித்துவிட்டு ஓடிவிடும். இதன் பெண் பூச்சி ஓடுவதில்லை. தலையை முன்வைத்துத் தோலுக்குள் துளைத்துப் புகுந்து, அங்கேயே தங்கிவிடுகிறது. பின்பகுதியின் நுனி மட்டும் வெளியே தெரியும். அந்தச் சிறு துளை வழியாகவே மூச்சு விடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது, முட்டையும் இடுகிறது. உள்ளே இரத்தம் குடித்து வயிறு ஊதி ஊதி, ஓரிரு வாரத்தில் பட்டாணி அளவுக்குப் பருக்கிறது. புகுந்தபோது இருந்த பருமனைப்போல ஏறக்குறைய 2,000 மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் வெளுத்த வளையம், நடுவே ஒரு கரும்புள்ளி. கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளியிலிருந்து வெள்ளை முட்டைகள் ஒவ்வொன்றாகத் தெறிப்பதையும் காணலாம். நூறு, இருநூறு முட்டைகள் இட்டுவிட்டு, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பூச்சி அந்தக் காலுக்குள்ளேயே செத்துப்போகிறது. தரையில் விழுந்த முட்டைகள் மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். புழு மண்ணுக்குள் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை காலைத் தேடி வருகிறது.

ஒரு காலில் ஒரு பூச்சி என்றால் அரிப்போடு போய்விடும். ஆனால், நோய் வேரூன்றிய வீடுகளில் ஒரே பிள்ளையின் கால்களில் பத்து, ஐம்பது, சில வேளைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிகள். அவை அதிகம் புகும் இடம் கால்விரல்களும், நக இடுக்கும், குதிகாலும், பாதத்தின் ஓரமும். புண் சீழ் பிடிக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டும். நகம் கழன்று விழும். விரல்கள் உருமாறும். குதிகாலில் பூச்சி உள்ள பிள்ளை நுனிக்காலில் நடக்கும். நுனியில் உள்ளது குதிகாலில் நடக்கும். இரண்டிலும் உள்ளது பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தபடி வரும். அந்த நடையை வைத்தே ஊரில் எல்லோரும் கண்டுகொள்வார்கள். இரவில் போர்வைக்குள் கால் சூடேறும்போது அரிப்பு கூடும், தூக்கம் கெடும். தூங்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் எதைக் கேட்கும்? பள்ளிக்கூடமோ மலைச்சரிவில் தொலைவில் இருக்கிறது. ஏறி இறங்கிப் போகப் பாதம் வேண்டும். முதலில் ஒருநாள் விடுப்பு, அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், அதன்பின் பெயர் பதிவேட்டில் மட்டும்.

இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார மறுக்கும் சக மாணவர்கள், வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காலைக் காட்டச் சொல்லும் ஆசிரியர், "குளிக்காத வீட்டுப் பிள்ளை" என்ற ஊர்ப்பேச்சு. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த நோய் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இந்த அவமானம் வருகிறது. பிள்ளைகள் புண்ணை மறைக்கிறார்கள். பெற்றோர் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வெட்கப்படுகிறார்கள். அம்ஹாரிக்கில் இதற்கு முஜாலே என்று பெயர்; சுவாஹிலியில் ஃபுன்சா. எந்த மொழியில் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குள் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மருத்துவமனைக்குப் போகாதவர்கள் என்ன செய்கிறார்கள்? முள்ளாலும் ஊக்காலும் ஊசியாலும் தோண்டி எடுக்கிறார்கள். பெரும்பாலும் தாயோ அக்காவோ மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வார்கள். பிள்ளை அலறும், ஒருவர் பிடித்துக்கொள்வார். பூச்சியின் உடல் கிழிந்து பாதி உள்ளே தங்கிவிட்டால் வீக்கம் இன்னும் மோசமாகும். ஒரு பிள்ளைக்கு எடுத்த ஊக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்துவார்கள். கல்லீரல் அழற்சி வைரஸும் எச்.ஐ.வி.யும் இந்த வழியில் பரவக்கூடும் என்று மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரித்துவருகிறார்கள். மண்ணில் கிடக்கும் டெட்டனஸ் கிருமிக்கு ஆழமான புண்ணைவிட நல்ல வாசல் வேறில்லை. தடுப்பூசி முழுமையாகப் போய்ச்சேராத மலைக் கிராமத்தில் அந்த வாசல் மரணத்துக்கும் திறக்கும். இதைப் படித்துவிட்டு அந்தத் தாயைக் குறை சொல்பவர் யாராவது இருந்தால், அவர் கையில் வேறென்ன கொடுக்கப்பட்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பூச்சி ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமானது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. இதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கள் படையினரின் கால்களை இது எப்படிச் சிதைத்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1872-இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து 'தாமஸ் மிட்செல்' என்ற பிரிட்டிஷ் கப்பல் அங்கோலாவின் அம்ப்ரிஸ் துறைமுகத்துக்கு வந்தது. கப்பல் ஆடாமலிருக்க அடியில் ஏற்றிவந்த பாரமணலில் பூச்சியும் இருந்தது. அங்கிருந்து வணிகக் கூட்டங்களோடும் காலனியப் படைகளோடும் பயணக் குழுக்களோடும் சுமைதூக்கிகளின் கால்களில் ஏறிக் கண்டத்தின் குறுக்கே நடந்தது. முப்பது ஆண்டுகள் முடிவதற்குள் கிழக்குக் கரையையும் சான்சிபாரையும் மடகாஸ்கரையும் எட்டிவிட்டது. 1890-களின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரியின் தெற்குக் கரையோரம் பயணம் செய்த ஆஸ்திரியப் புவியியலாளர் ஆஸ்கர் பாமன், கால் புண்ணால் வயலில் இறங்க முடியாமல் விளைச்சலை அறுக்க ஆளின்றிப் பட்டினி கிடந்த ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். புதிதாக வந்த பூச்சி. அதை எப்படிக் கையாள்வது என்ற பழக்கம் எவருக்கும் இல்லை.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு மெல்லிய இழை உண்டு. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட, ஏறக்குறைய 32,000 தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோகப்பட்டார்கள். மலேரியாவோடும் புண்ணோடும் இந்தப் பூச்சியும் அவர்களை முடக்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர்களின் கால்களில் ஒட்டி, அந்த நூற்றாண்டின் கடைசியில் பம்பாய் வரைக்கும் வந்துசேர்ந்தது. இங்கே பெரிதாகக் காலூன்றவில்லை. ஊன்றியிருந்தால், இன்று நாமும் நம் மலைக் கிராமத்துப் பிள்ளைகளைக் குளிக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்திருப்போம்.

ஏனென்றால், அழுக்குதான் காரணம் என்ற குற்றச்சாட்டு எல்லா ஊரிலும் ஏழைகளின் தலையில்தான் விழுகிறது. கால் கழுவுவது நல்லது, அதில் சந்தேகமில்லை. தினமும் சோப்புப் போட்டுக் கழுவும் வீடுகளில் நோய் குறைவு. ஆனால், தண்ணீர் மலைக்குக் கீழே இருக்கிறது. அதைக் குடத்தில் சுமந்து மேலே கொண்டுவருவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அப்படிக் கொண்டுவந்த நீரில் முதல் பங்கு குடிக்க, அடுத்தது சமைக்க, அதன்பின் கன்றுக்குட்டிக்கு. காலுக்கு என்று மிஞ்சுவது எவ்வளவு? சரி, கழுவினாலும், கழுவிய ஈரக் காலை எங்கே வைப்பது? அதே மண் தரையில்தான்.

கென்யாவில் ஆய்வாளர்கள் பூச்சியின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தேடியபோது, அவை அதிகம் கிடைத்த இடங்களில் ஒன்று வீட்டுக்குள் மக்கள் படுத்துறங்கும் மண் தரை. மழை நனைக்காத, வெயில் சுடாத, காய்ந்த நிழலான மண். வெளியே தெருவில் பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய பாடம். தொற்று நடப்பது பிள்ளை தூங்கும் பாய்க்கடியிலும், எழுதும் வகுப்பறையிலும். சிடாமாவின் மலைக்குளிரில் மாடுகளை இரவில் வீட்டுக்குள் கட்டுவது வழக்கம். நாயும் பூனையும் ஆடும் எலியும் அதே கூரைக்கடியில். பூச்சிக்கு ஆளும் ஒன்றுதான், ஆடும் ஒன்றுதான். பிள்ளையின் காலிலிருந்து எல்லாப் பூச்சியையும் எடுத்துவிட்டாலும், நாயின் காலிலிருந்து விழும் முட்டை போதும் அடுத்த மாதத்துக்கு.

இந்த இடத்தில்தான் செருப்பு வருகிறது. மணல் தெள்ளு என்றதும் நல்ல மனம் கொண்ட உலகம் உடனே செய்வது பிள்ளைகளுக்குக் காலணி வழங்குவது. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். கொடுத்தவருக்கும் நிறைவு, வாங்கிய பிள்ளைக்கும் மகிழ்ச்சி. காலணி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தியோப்பிய மலைநாட்டின் எரிமலைச் செம்மண்ணில் பல ஆண்டுகள் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் போடோகோனியோசிஸ் என்ற கால் வீக்கம் வருகிறது. பார்வைக்கு யானைக்கால் போலவே இருக்கும், ஆனால் கொசுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைத் தடுக்கக் காலணிதான் மருந்து. கொக்கிப்புழுவுக்கும் காலணி உதவும். ஆனால், மணல் தெள்ளுக்குக் காலணி பாதி விடைகூட இல்லை என்பதே அனுபவம். பிள்ளை காலணியைக் கழற்றாமல் தூங்குமா? ஒரே ஒரு ஜோடியை வைத்திருக்கும் பிள்ளை அது தேயக் கூடாதென்று கையில் தூக்கிக்கொண்டு நடக்கும். பந்து விளையாடும்போது ஓரமாகக் கழற்றி வைக்கும். ஓராண்டில் கால் வளர்ந்துவிடும், காலணி தம்பிக்குப் போகும். முன்பக்கம் திறந்த ரப்பர் செருப்போ விரல்களைப் பூச்சிக்கு அப்படியே விட்டுவிடுகிறது.

மடகாஸ்கரின் கிராமங்களில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூடிய காலணி. இன்னொரு பிரிவினருக்குத் தேங்காயெண்ணெயை அடிப்படையாகக் கொண்டு, ஜோஜோபா, கற்றாழை சேர்த்த ஒரு விரட்டி எண்ணெய். காலையும் மாலையும் பாதத்தில் தடவ வேண்டும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2013-இல் வெளியான முடிவு தெளிவானது. எண்ணெய் தடவியவர்களுக்குப் புதிய பூச்சி புகுவது ஏறக்குறைய நின்றே போனது. காலணி வாங்கியவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை, ஏனெனில் அவர்கள் அதைத் தொடர்ந்து அணியவில்லை. இந்த ஆய்வு வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்னமும் கொடையாளர்களின் கணக்கேட்டில் காலணிதான் முதல் வரி.

மருந்தின் கதையும் இதே மாதிரிதான். கென்யாவின் உயர்நிலமான முராங்கா போன்ற மாவட்டங்களில் நோய் ஒழிப்பு முகாம் என்றால் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் தொட்டிகளும் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலும்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் அதில் காலை ஊறவைத்து உட்கார்ந்திருப்பார்கள். கரைசல் வலுவாக இருந்தால் எரியும், நீர்த்துவிட்டால் பலனில்லை. பாதத்தில் பழுப்புக் கறை பல நாள் போகாது; யாருக்கு நோய் என்று ஊருக்கே அது காட்டிக்கொடுத்துவிடும். அவமானத்தால் மறைந்து வாழும் பிள்ளைக்கு இதைவிடக் கொடுமையான மருத்துவம் இருக்க முடியாது.

இதற்கு மாற்று இருக்கிறது. டைமெதிகோன் என்பது ஒரு வகை சிலிக்கோன் எண்ணெய். ஐரோப்பாவில் பேன் மருந்தாக விற்பனையாவது. பூச்சிக்கொல்லி நஞ்சு அதில் இல்லை. மிக இளகிய அந்த எண்ணெயில் சில துளிகளைக் கரும்புள்ளியின் மேல் விட்டால், தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுத் துளைக்குள் புகுந்து அடைத்துவிடுகிறது. பூச்சி திணறிச் சாகிறது, தோல் தானாக அதை உதிர்த்துவிடுகிறது. முள் வேண்டாம், இரத்தம் இல்லை, கறை இல்லை. கென்யக் கிராமப் பிள்ளைகளிடம் ஒரு காலில் டைமெதிகோன், மறுகாலில் பெர்மாங்கனேட் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. ஏழு நாளில் டைமெதிகோன் தடவிய காலில் 78 சதவீதப் பூச்சிகள் உயிரின் அறிகுறி இல்லாமல் போயின. பெர்மாங்கனேட் காலில் 39 சதவீதம். ஆனாலும், நோய் வேரூன்றிய பல நாடுகளின் அரசு சுகாதார நிலையங்களில் ஊதாத் தூள் கிடைக்கும், இந்த எண்ணெய் கிடைக்காது. இறக்குமதி விலை கூடுதல் என்பது ஒரு காரணம். கொள்முதல் பட்டியலில் சேர்க்கும்படி கேட்க ஆளில்லை என்பது பெரிய காரணம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சொறி சிரங்குக்கு நன்றாக வேலை செய்யும் ஐவர்மெக்டின் மாத்திரை, மணல் தெள்ளுக்கு உதவவில்லை என்று பிரேசிலில் நடந்த சோதனையில் தெரிந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கும் எளிய வழி இங்கே இல்லை.

அதே எத்தியோப்பியாவில் நடந்த இன்னொன்றை இதோடு வைத்துப் பார்க்கலாம். 2015-இல் எல் நினோ வறட்சி அந்த நாட்டைத் தாக்கியது. ஆறு வற்றி, குளிக்கத் தண்ணீரின்றி, வடக்கே அம்ஹாரா மலைநாட்டில் சொறி சிரங்கு காட்டுத்தீயாகப் பரவியது. 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்ததில் மூன்றில் ஒருவருக்கு நோய்; அவர்களில் பாதிப்பேர் பள்ளி வயதுப் பிள்ளைகள். அரசு இறங்கியது. சிகிச்சை ஊர் ஊராகப் போனது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் சொறி சிரங்கையும் பிற தோல் ஒட்டுண்ணி நோய்களையும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் 'பிற' என்ற சொல்லுக்குள்தான் மணல் தெள்ளு ஒதுங்கி நிற்கிறது. திடீரென வெடிக்கும் நோய்க்கு அரசு அசையும். என்றைக்கும் இருக்கும் நோய் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

கணக்கெடுப்பும் கண்ணை மறைக்கும். கென்யா முழுவதும் பள்ளிகளில் எடுத்த கணக்கில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் இந்த நோய் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. தலைநகரில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. ஆனால், நோய் நாடு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில ஊர்கள், அவற்றிலும் சில தெருக்கள், அவற்றிலும் கடைசி வறுமையில் இருக்கும் சில வீடுகள் என்று குவிந்து கிடக்கிறது. சராசரி குறைவாக இருப்பதாலேயே இதை ஒழிப்பது எளிது என்றுதான் நான் அந்த எண்ணைப் படிக்கிறேன். எந்தப் பள்ளி, எந்த வீடு என்று ஆசிரியருக்குத் தெரியும், ஊர் சுகாதார ஊழியருக்கும் தெரியும். எத்தியோப்பியா 2000-களிலேயே பல்லாயிரம் பெண்களை ஊர்தோறும் சம்பளம் பெறும் சுகாதார ஊழியர்களாக நியமித்த நாடு. கையும் காலும் அங்கே இருக்கின்றன. பையில் மருந்துதான் இல்லை.

இனி தரைக்கு வருவோம். மண் தரையை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு மெக்சிகோவில் நல்ல சான்று உண்டு. 2000-இல் கோவவீலா மாநிலத்தில் மண் தரை வீடுகளுக்கு அரசே 50 சதுர மீட்டர் வரை சிமெண்ட் கலவை கொடுத்தது. வீட்டார் தாங்களே சமன்படுத்திப் பூசிக்கொண்டார்கள். பொருளியல் அறிஞர்கள் பிறகு போய்ப் பார்த்தபோது, தரை முழுதும் சிமெண்ட்டான வீடுகளில் சிறு குழந்தைகளின் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதம் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கு 49 சதவீதமும் இரத்தசோகை 81 சதவீதமும் குறைந்திருந்தன. அங்கே பேசப்பட்டது குடல் ஒட்டுண்ணிகள். மணல் தெள்ளு இல்லை. ஆனால், மண்ணில் வளர்ந்து பிள்ளையிடம் ஏறும் உயிர்களுக்குத் தரைதான் பாலம் என்பது இரண்டுக்கும் பொது. கென்யாவின் குவாலே, புங்கோமா மாவட்டங்களில் வீட்டுத் தரையைப் பூசி, குடல் தொற்றோடு மணல் தெள்ளையும் சேர்த்து அளந்துபார்க்கும் சோதனையை ஆய்வாளர்கள் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான்.

சிமெண்ட் விலை மலை உச்சிக்குப் போகும்போது இரட்டிப்பாகும் என்பது உண்மை. கழுதை முதுகில் ஏற்றிச் செல்லும் மூட்டைக்குக் கூலி உண்டு. ருவாண்டாவில் எர்த்எனேபிள் என்ற அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. உள்ளூர்ச் சரளையையும் செம்மண்ணையும் மணலையும் அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தாவர எண்ணெயிலிருந்து செய்த மெருகைப் பூசி இறுக்குகிறார்கள். கழுவலாம், பெருக்கலாம், புழுதி எழாது. சிமெண்ட் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகிறது. அதையும்கூடச் செய்ய முடியாத ஊரில் வகுப்பறைத் தரையை நாள்தோறும் தண்ணீர் தெளித்துப் பெருக்குவது, படுக்கையைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துவது, நாய்க்கும் ஆட்டுக்கும் பூச்சி மருந்து தெளிப்பது என்று செய்வதற்கு நிறைய இருக்கிறது. உகாண்டாவின் கரமோஜா வறண்ட நிலத்தில், நாபாக் மாவட்ட மக்களுக்கு டைமெதிகோன், அவர்களின் வளர்ப்பு விலங்குகளுக்கும் சிகிச்சை, ஊராரோடு தொடர்ந்த பேச்சு என்று மூன்றையும் ஒருசேர நடத்தியதில் நோய் பெருமளவு தணிந்தது. மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே வண்டியில் போனால் முடிகிற காரியம் இது.

காலணியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரிந்த ஒரு நடைமுறையை இங்கே சொல்லலாம். நம் அரசுப் பள்ளிகளில் விலையில்லாக் காலணி கல்வித் துறையின் செலவில் வருகிறது. அது உரிமையாகக் கிடைப்பது. பிள்ளை யாருக்கும் நன்றி சொல்லிப் படத்துக்கு நிற்க வேண்டியதில்லை. எத்தியோப்பிய மலைப்பள்ளிகளுக்கும் காலணி போவதானால் அப்படித்தான் போக வேண்டும்: ஆண்டுதோறும், அளவு பார்த்து, பாடநூலோடு சேர்த்து.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஏழை நாடுகள், மலேரியா, காசநோய், போர், வறட்சி என்று வரிசை நீளம். அந்த வரிசையில் மணல் தெள்ளுக்குக் கடைசி இடம் கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் கட்டியாகிவிட்டது, ஆசிரியருக்குச் சம்பளம் போகிறது, புத்தகம் அச்சாகிவிட்டது. இத்தனை செலவும் வலியால் நடக்க முடியாத பிள்ளையின் விஷயத்தில் வீண். சில துளி எண்ணெயும் பூசிய தரையும் அந்தச் செலவைக் காப்பாற்றும். இதைச் சுகாதாரத் துறையின் தனிச் செலவாகப் பார்ப்பதே தவறு. கல்வித் துறையின் கட்டட நிதியில் முதல் வரியாகத் தரை வர வேண்டும் என்பது என் வாதம். கூரையும் சுவரும் போட்டுவிட்டுத் தரையை மண்ணாகவே விட்ட வகுப்பறையைக் கட்டி முடித்ததாக எந்த அரசும் கணக்கு எழுதக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 'பிற' என்ற சொல்லிலிருந்து மணல் தெள்ளை வெளியே எடுத்து, அதற்கென ஓர் இலக்கும் ஆண்டும் குறிக்க வேண்டும். டைமெதிகோனை உள்நாட்டிலேயே கலந்து அடைக்க மருந்து நிறுவனங்கள் முன்வர வேண்டும். மலிவு விலை மருந்துக்குப் பெயர் பெற்ற இந்திய நிறுவனங்களுக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆசிரியர் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தாமல் தனியே அழைத்துக் காலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் சிலர் ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு நன்கொடை அனுப்புபவர்களாகவோ, அங்கே வேலை செய்யும் அமைப்புகளில் இருப்பவர்களாகவோ இருக்கலாம். அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், கட்டப்போகும் வகுப்பறைக்குத் தரை எதனால் போடப்படுகிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மண் தரைதான் என்று பதில் வந்தால், காலணிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் தரைக்குச் செலவிடச் சொல்லுங்கள்.